300, 360, 206: இந்தியாவில் எலும்புகள் எண்ணப்பட்ட வரலாறு

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன என்று பள்ளிப் பாடநூல் கற்பிக்கிறது. சுசுருத சங்கிதை 300 என்கிறது. சரக சங்கிதை 360 என்கிறது. இந்த மூன்று எண்களையும் ஒருசேரப் பார்க்கும் இக்கால வாசகர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார். பழையவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்பது ஒன்று. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள் உண்டு என்று இன்றைய அறிவியலே கூறுவதால் சுசுருதர் அன்றே அதை அறிந்திருந்தார் என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவு சமூக ஊடகங்களில் மிகுந்த செல்வாக்குடன் உலவுகிறது.

இரண்டுமே பிழை. சுசுருதரின் 300 எலும்புகளில் 32 பற்களும் அடங்கும். பிறந்த குழந்தைக்குப் பல் ஏது? அவர் எண்ணியது முழுப் பல்வரிசை கொண்ட, வளர்ந்த மனிதரின் உடலைத்தான். எண்ணத் தெரியாதவராகவும் அவர் இல்லை. எதை எலும்பு என்று கொள்வது என்பதில் அவருடைய வரையறை வேறு. இந்த வேறுபாட்டைப் பின்தொடர்ந்து சென்றால், எலும்புகளின் எண்ணிக்கை எவ்வாறு மாறியது என்பதோடு, எண்ணப்பட்ட அந்த உடல்கள் யாருடையவை என்ற மற்றொரு வரலாறும் வெளிப்படுகிறது.

206 என்ற கணக்கு

முதலில் இன்றைய கணக்கைக் காண்போம். எலும்புக்கூட்டை உடற்கூற்றியலார் இரண்டாகப் பகுக்கின்றனர். உடலின் நடு அச்சில் அமைந்தவை 80. அந்த அச்சோடு இணைந்த கைகால்களுக்கும் அவற்றைத் தாங்கும் வளையங்களுக்கும் உரியவை 126.

அச்சுப் பகுதியில் மண்டையோட்டுக்கு 22 எலும்புகள். அவற்றுள் மூளையைப் பொதிந்து காப்பவை 8, முகத்துக்குரியவை 14. இரு செவிகளின் உள்ளே சுத்தி, பட்டடை, அங்கவடி என மும்மூன்றாக 6 சிற்றெலும்புகள். நாக்கின் அடியில், வேறு எந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளால் தொங்கும் நாவடி எலும்பு 1. முதுகுத்தண்டில் 26. விலா எலும்புகள் 24. மார்பின் நடு எலும்பு 1. கூட்டினால் 80.

கையொன்றுக்கு மேற்கையில் 1, முன்கையில் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என மொத்தம் 30. காலொன்றுக்குத் தொடையில் 1, முழங்கால் சில்லு 1, கணைக்காலில் 2, குதிகால் உள்ளிட்ட கணுக்கால் பகுதியில் 7, பாதத்தில் 5, விரல்களில் 14 என இங்கும் 30. ஆக நான்கு உறுப்புகளுக்கும் 120. காறை எலும்புகள் 2, தோள்பட்டை எலும்புகள் 2, இடுப்பெலும்புகள் 2 சேர 126. மனித எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது 106, இரு கைகளின் மணிக்கட்டுக்குக் கீழும் இரு கால்களின் கணுக்காலுக்குக் கீழும் உள்ளன.

இந்த 206 இயற்கை பொறித்து வைத்த எண் அன்று, ஓர் உடன்பாடு. முதுகுத்தண்டையே எடுத்துக்கொள்ளலாம். குழந்தையிடம் அது 33 முள்ளெலும்புகளாக இருக்கிறது. வளர வளர அடியிலுள்ள 5 ஒன்றிணைந்து திரிக எலும்பாகின்றன; அதற்கும் கீழுள்ள சிறு துண்டுகள் இணைந்து வால் எலும்பாகின்றன. எனவே 33 என்பது 26 ஆகிறது. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் மூன்று எலும்புகள் இணைந்து உருவானது. சிலருக்குக் கழுத்தருகே கூடுதலாக ஒரு விலா எலும்பு இருப்பதுண்டு. சிலருடைய மண்டையோட்டுப் பொருத்துகளில் சின்னஞ்சிறு எலும்புத் துண்டுகள் தனித்து நிற்பதுண்டு. பற்கள் எலும்பைவிடக் கடினமானவை; ஆயினும் அவற்றின் அமைப்பும் தோற்றமும் வேறு என்பதால் 206இல் அவை சேர்வதில்லை. குருத்தெலும்பும் சேர்வதில்லை. எந்த வயதில் எண்ணுவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விதிகளுக்குப் பின்னரே எண் பிறக்கிறது.

சுசுருதர் எண்ணிய விதம்

சுசுருத சங்கிதையின் சாரீரத் தானத்தில் ஐந்தாம் அதிகாரம் எலும்புகளைப் பேசுகிறது. வேதம் சார்ந்தோர் 360 என்பர், அறுவை மருத்துவ நூலிலோ 300 மட்டுமே என்று அது தொடக்கத்திலேயே வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. பின்னர் கைகால்களில் 120, நடுவுடலில் 117, கழுத்தும் அதற்கு மேலும் 63 என்று பகுக்கிறது.

முதல் எண்ணைப் பார்த்தவர் வியப்பர். கைகால்களுக்கு 120 என்பது இன்றைய கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். சுசுருதர் ஒரு காலுக்குச் சொல்லும் கணக்கு இது: விரல்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்றாக 15, பாதத்திலும் கணுக்காலிலும் சேர்த்து 10, குதிகாலில் 1, கணைக்காலில் 2, முழங்காலில் 1, தொடையில் 1. கூட்டுத்தொகை 30. கால் பெருவிரலில் உள்ளவை இரண்டு எலும்புகளே. எனவே 15 என்பது ஒன்று கூடுதல். பாதமும் கணுக்காலும் குதிகாலும் சேர்ந்து 12 வரவேண்டும். அவர் தருவது 11, ஒன்று குறைவு. மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்து 30 என்ற சரியான விடை வந்துவிடுகிறது. கைகளைத் தனியே விவரிக்காமல், காலுக்குச் சொன்னதே கைக்கும் பொருந்தும் என்று நூல் கடந்து செல்கிறது. கையில் குதிகால் இல்லை, முழங்கால் சில்லும் இல்லை. ஆனாலும் கையின் கூட்டுத்தொகையும் 30 என்றே அமைந்துவிட்டது. விடை சரி, வழியில் சிறு பிழைகள். உடலை நேரில் கண்டவரின் கூர்மையும், ஒழுங்கை விரும்பும் நூலாசிரியரின் சுருக்கமும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

நடுவுடலின் 117இல் இடுப்புப் பகுதிக்கு 5, முதுகுக்கு 30, மார்புக்கு 8, தோளுக்கு 2, விலாப்புறம் ஒவ்வொன்றுக்கும் 36. இந்த 36 முதற்பார்வையில் பெருந்தவறாகத் தோன்றும். பக்கத்துக்கு 12 விலாதானே உண்டு? சரக சங்கிதையின் பட்டியல் இதற்கு விடை தருகிறது. விலா 24, அது பொருந்தும் குழி 24, பொருத்தின் குமிழ் 24 என்று அது மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. பக்கத்துக்கு மும்முறை 12 என்றால் 36. விலா எண்ணிக்கையில் பிழையில்லை. ஒரே விலாவின் பகுதிகள் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன.

கழுத்துக்கு மேலுள்ள 63இல் சரிபாதிக்கு மேல், அதாவது 32, பற்கள். மீதி கழுத்துக்கு 9, தொண்டைக் குழலுக்கு 4, தாடைக்கு 2, மூக்குக்கு 3, அண்ணத்துக்கு 1, கன்னம், செவி, நெற்றிப்பொட்டு ஆகியவற்றுக்கு இவ்விரண்டாக 6, தலைக்கு 6. மூக்கின் நுனியும் செவிமடலும் தொண்டைக் குழலும் இன்று குருத்தெலும்பு எனப்படுபவை. சுசுருதர் இதை அறியாதவர் அல்லர். எலும்புகளை அவர் ஐந்து வகையாகப் பிரிக்கிறார்: தட்டையான கபாலம், பற்களாகிய ருசகம், இளமையான தருணம், வளைந்த வலயம், குழல்போன்ற நளகம். இவற்றுள் தருணம் என்பதே குருத்தெலும்பு. வேறு வகை என்று அறிந்தே அதை எலும்பினத்தில் சேர்த்திருக்கிறார்.

சரகரின் 360இல் 32 பற்கள், அவை பதிந்திருக்கும் 32 குழிகள், 20 நகங்கள் ஆகியவையும் அடக்கம். ஆனால் 360 என்ற எண்ணுக்கு உடலுக்கு வெளியேயும் ஒரு வேர் உண்டு. சதபத பிராமணம் மனித உடலை ஆண்டோடு ஒப்பிட்டு, ஆண்டின் 360 நாள்களுக்கு இணையாக 360 எலும்புகளைச் சொல்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலும் இந்த 360 இடம்பெற்றிருக்கிறது. அண்டத்தில் உள்ளது பிண்டத்திலும் இருக்கவேண்டும் என்ற கருத்து எண்ணை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. மருத்துவ நூல் அந்த எண்ணுக்குள் உடலைப் பொருத்தியது. அறுவை மருத்துவர்கள் 300 என்று வேறுபட்டது அந்தப் பின்னணியில் சிறிய செயல் அன்று. மரபு சொன்ன எண்ணை மரியாதையுடன் குறிப்பிட்டுவிட்டு, தம் கணக்கு வேறு என்று அவர்கள் எழுதினார்கள்.

இந்தக் கணக்குகளை நவீன உடற்கூற்றியலோடு முதன்முதலில் விரிவாக ஒப்பிட்டவர் ருடால்ஃப் ஹோர்ன்லே. ஆக்ராவை அடுத்த சிக்கந்திராவில் 1841இல் பிறந்து, கல்கத்தா மதரசாவின் முதல்வராகப் பணியாற்றியவர். பவர் சுவடியைப் படித்தறிந்து வெளியிட்டவர். பண்டைய இந்தியாவின் எலும்பியல் குறித்த அவருடைய நூல் 1907இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. ஏடு பெயர்த்தெழுதியோரின் கைகளில் பட்டியல்கள் சிதைந்துள்ளன என்று காட்டி, மூலப் பட்டியல் எவ்வாறு இருந்திருக்கும் என்று அவர் மீட்டுருவாக்க முயன்றார். அவருடைய ஊகங்கள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆயினும் இந்தப் பட்டியல்கள் உடலைப் பாராமல் எழுதப்பட்டிருக்க முடியாது என்ற அவருடைய அடிப்படை முடிவு நிலைத்தது.

நீரில் இட்ட உடல்

பார்த்தது எவ்வாறு? அதே ஐந்தாம் அதிகாரம் விடை சொல்கிறது. உறுப்புக் குறையில்லாத, நஞ்சால் இறவாத, நெடுநாள் நோயில் வாடாத, நூறு வயது முதிர்ச்சி எய்தாத ஓர் உடலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குடலின் கழிவை நீக்கி, நாணல், மரப்பட்டை, தருப்பை, சணல் போன்றவற்றால் சுற்றி, கூண்டில் வைத்து, மறைவான இடத்தில் நீரில் இட வேண்டும். ஏழு இரவுகள் கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றால் ஆன தூரிகை கொண்டு தோல் தொடங்கி மெல்ல மெல்லத் தேய்த்து, உள்ளும் புறமும் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் காண வேண்டும். நூலில் கற்றதும் கண்ணால் கண்டதும் சேரும்போதே அறிவு வளரும் என்பது அதன் கொள்கை.

கத்தி இங்கே இல்லை. தண்ணீரும் காலமுமே கருவிகள். மென்மையான நரம்புகளும் நாளங்களும் இம்முறையில் அழுகிச் சிதைந்திருக்கும். எலும்பும் மூட்டும் தசைநாரும் எஞ்சியிருக்கும். எலும்பில் சுசுருதர் காட்டும் துல்லியம் நாளங்களைப் பேசும்போது இல்லாததற்கு இம்முறையே காரணமாக இருக்கலாம்.

அந்த உடல் எத்தகையதாக இருக்கவேண்டும் என்று நூல் நுணுக்கமாகச் சொல்கிறது. அது யாருடையது என்று சொல்லவில்லை. இறந்தவர் ஒப்பினாரா, உறவினர் அறிவாரா என்ற வினாக்கள் எழவில்லை. மறைவான இடம் என்ற சொல் மட்டும் ஏதோ உணர்த்துகிறது.

இந்த மௌனம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் நூற்றாண்டின் காலன் குரங்குகளையும் பிற விலங்குகளையும் அறுத்து எழுதியவற்றையே ஐரோப்பா ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் மனித உடற்கூறு என்று நம்பியது. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கூற்று. அது ஒரே எலும்பு என்று கண்டவர் பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப். 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தைச் சூறையாடிய பஞ்சத்தில் இறந்து குவிந்து கிடந்தவர்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்த பிறகே அவர் அவ்வாறு எழுதினார். 1543இல் தம் பெருநூலை வெளியிட்டுக் காலனின் பிழைகளைத் திருத்திய வெசாலியஸ், மாணவப் பருவத்தில் லூவென் நகருக்கு வெளியே தூக்குமேடையிலிருந்து எலும்புக்கூட்டைத் திருடி வந்தவர். அவர் பாசல் நகரில் கோத்த எலும்புக்கூடு தலை வெட்டிக் கொல்லப்பட்ட குற்றவாளி ஒருவருடையது. இன்றும் அங்கே உள்ளது. பஞ்சத்தில் மடிந்தவர், தூக்கில் தொங்கியவர், ஆற்றில் இடப்பட்ட பெயரறியாதவர் என மூன்று நாகரிகங்களிலும் எலும்புக் கல்விக்கு உடல் தந்தவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தியாவில் சுசுருதர் வகுத்த பயிற்சி பின்னாளில் அருகியது. பிணத்தையும் எலும்பையும் தொடுவது தீட்டு என்ற கட்டுப்பாடு இறுகியது அதற்கு ஒரு காரணம். நூல் கற்றோர் சொற்பொருள் விளக்கம் எழுதினர். உடலைத் தொட்டு மருத்துவம் செய்தோர் நூல் மரபுக்கு வெளியே நின்றனர். ஆனால் எலும்பறிவு அழிந்துவிடவில்லை. ஆந்திரத்தின் புத்தூர் கட்டு வைத்தியர்களும் குமரிப் பகுதியின் வர்ம ஆசான்களும் உயிருள்ள உடலின் மேல் விரல் வைத்தே உள்ளிருக்கும் முறிவை உணர்ந்தார்கள். அந்த அறிவு விரல்நுனியில் இருந்தது, பட்டியலில் ஏறவில்லை.

இரண்டையும் செய்த ஒருவர்

நூலும் கையும் மீண்டும் சந்தித்த இடம் கல்கத்தா. 1835 சனவரியில் அங்கே மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலும் மருத்துவப் பள்ளி தோன்றியது. அதற்கு முன்பு கல்கத்தாவின் சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர் மதுசூதன் குப்தா. ஹூக்ளி மாவட்டத்து வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில உடற்கூற்று நூல் ஒன்றைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர். சுசுருத சங்கிதை முதன்முதலில் அச்சேறியது அவருடைய பதிப்பில்தான்.

1836ஆம் ஆண்டு, அந்தப் பதிப்புப் பணி நடந்த அதே காலத்தில், புதிய மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுக்க மதுசூதன் குப்தா முன்வந்தார். உயர்சாதி இந்துக்கள் பிணத்தைத் தொடமாட்டார்கள் என்று பலரும் நம்பியிருந்த வேளை அது. அவரைத் தொடர்ந்து இந்திய மாணவர்கள் கத்தியை எடுத்தனர். அடுத்த பத்தாண்டுக்குள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான உடல்கள் அக்கல்லூரியில் அறுக்கப்பட்டன. ஐரோப்பிய அறிவின் வெற்றியாக இந்நிகழ்வைக் காலனிய அரசு கொண்டாடியது. ஆனால் மதுசூதனுக்கு அது முற்றிலும் புதியதாக இருந்திருக்க இயலாது. உடலைக் கண்ணால் கண்டே கற்கவேண்டும் என்ற விதியை அவர் அச்சுத்தாளில் திருத்திக்கொண்டிருந்தார்.

வரலாற்று நூல்கள் மதுசூதன் குப்தாவின் பெயரை நினைவில் வைத்திருக்கின்றன. உடனிருந்த மாணவர் சிலரின் பெயர்களும் கிடைக்கின்றன. மேசைமீது கிடந்தவரை அவை நினைவில் வைக்கவில்லை.

இக்காலத்து எலும்பியல் கல்வியில் இந்தியாவும் தமிழும் எதிர்பாராத இரு இழைகளால் பிணைந்துள்ளன. உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் வெளிவந்தது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். பாதத்தின் எலும்பையே அரிக்கும் மதுரைக் கால் என்னும் நோயை ஆராய்ந்து 1874இல் நூல் எழுதியவரும் அவரே. மறுபுறம், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, கிரேயின் நூலை ‘மனுஷவங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் தமிழில் கொணர்ந்தார். இந்தியாவின் பெரிய மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட காலத்தில், ஒவ்வோர் எலும்புக்கும் தமிழ்ப்பெயர் சொல்லிக் கற்பித்த வகுப்பறை ஒன்று ஈழத்தில் இயங்கியது.

உரிமை கோரப்படாதவர்கள்

1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூற்று ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். இதன் அதிர்ச்சி ஓயுமுன் 1832இல் பிரிட்டன் உடற்கூற்றுச் சட்டத்தை இயற்றியது. தூக்கிலிடப்பட்டவருக்குப் பதிலாக, உரிமை கோர யாருமற்ற ஏழைகளின் உடல்கள் கல்லூரிகளுக்குச் செல்ல அது வழிவகுத்தது. ஏழைமை குற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவிலும் இதே கொள்கை சட்டமானது. 1936இல் வங்காளம், 1949இல் பம்பாய், 1951இல் சென்னை என மாகாணங்களும் மாநிலங்களும் உடற்கூற்றுச் சட்டங்களை இயற்றின. மருத்துவமனையிலோ பொதுவிடத்திலோ இறந்து, குறித்த காலத்துக்குள் எவரும் உரிமை கோராத உடல் கல்லூரிக்கு உரியதாகலாம்.

இந்தச் சட்டங்களின் நிழலிலும் அவற்றுக்கு வெளியிலும் ஒரு வணிகம் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி கல்கத்தா உலகின் எலும்புச் சந்தையாக இருந்தது. மேலை நாட்டுக் கல்லூரிகளில் கம்பியால் கோத்து நிறுத்தப்பட்டிருந்த எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி வங்காளத்திலும் பீகாரிலும் இறந்தவர்களுடையவை. உரிமை கோரப்படாதோர், ஆற்றில் விடப்பட்டோர், இடுகாட்டில் புதைக்கப்பட்டோர் எனப் பல வழிகளில் அவை திரட்டப்பட்டன. சடலத்தை நீரில் ஊறவைத்து, தசையைக் கொதிக்கவைத்து அகற்றி, வெயிலிலும் அமிலத்திலும் வெளுக்கவைத்து, சிற்றெலும்புகள் கெடாமல் கோக்கும் வேலையைத் தலைமுறையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் டோம் சாதியினர். சுசுருதர் நூலில் எழுதிய நீர்ப்பயிற்சியை எழுத்தறியாத கைகள் தொழிலாகச் செய்தன. தீட்டு அவர்களுக்கு, ஆதாயம் ஏற்றுமதியாளருக்கு, கல்வி கடல் கடந்தவர்களுக்கு.

1984இல் மட்டும் ஏறத்தாழ 60,000 மண்டையோடுகளும் எலும்புக்கூடுகளும் ஏற்றுமதியானதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. 1985இல் 1,500 குழந்தைகளின் எலும்புக்கூடுகள் ஏற்றுமதியான செய்தி வெளியாகி நாட்டை உலுக்கியது. அத்தனைக் குழந்தைகள் எங்கிருந்து கிடைத்தனர் என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்முன், அவ்வாண்டே இந்திய அரசு மனித எலும்புகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. மேலை நாட்டுக் கல்லூரிகள் நெகிழி மாதிரிகளுக்கு மாறத் தொடங்கின. வணிகம் முற்றிலும் நின்றுவிடவில்லை. 2007இல் மேற்கு வங்கத்தின் பூர்பஸ்தலியில் காவல்துறை சோதனையிட்டபோது எலும்பு பதப்படுத்தும் களங்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

அஸ்தி என்ற வடசொல்லுக்கு எலும்பு என்பதே பொருள். தமிழில் அது சிதையில் எஞ்சி, குடத்தில் சேர்த்து, நீரில் கரைக்கப்படுவதைக் குறிக்கும் சொல்லாயிற்று. இறந்தவரின் எலும்பை உறவினர் கையாலேயே பொறுக்கி வழியனுப்புவது இம்மண்ணின் பெருங்கடமை. மெல்பர்னிலும் சிகாகோவிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற எலும்புக்கூடுகளுக்கு அக்கடமையைச் செய்ய எவரும் இல்லை. இங்கும் நிலை பெரிதாக வேறில்லை. மருத்துவக் கல்லூரி விடுதிகளில் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறும் ‘போன் செட்’ எவருடையது என்று கேட்கும் வழக்கம் இல்லை.

கொடுக்கப்பட்ட எலும்பு

இந்த வரலாற்றில் மற்றொரு மரபும் உண்டு. விருத்திரனை வெல்ல வச்சிராயுதம் வேண்டித் தேவர்கள் வந்தபோது, தம் உயிரை விட்டு எலும்பைக் கொடுத்தவர் ததீசி முனிவர் என்பது புராணம். தில்லியில் உடல் தானத்துக்காக இயங்கும் அமைப்பு ஒன்று ததீசியின் பெயரையே சூட்டிக்கொண்டுள்ளது. தொன்மத்தைப் பற்றிய நம்பிக்கை எதுவாயினும், அதன் மையத்தில் இருப்பது கேட்டலும் இசைதலும். தேவர்கள் திருடவில்லை, கேட்டார்கள். முனிவர் இசைந்தார்.

உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்ந்து, 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. அவருடைய எலும்புக்கூடு அங்கே பாதுகாக்கப்பட்டது. இந்திய எலும்புகள் பிரிட்டனுக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில், பிரிட்டனில் பிறந்த ஒருவரின் எலும்புகள் இந்திய மாணவர்களுக்காக, அவர் இசைவோடு, காக்கிநாடாக் கல்லூரியில் தங்கின. 2010இல் மறைந்த ஜோதி பாசுவின் உடல் கொல்கத்தா மருத்துவமனைக்கும், 2024இல் மறைந்த சீத்தாராம் யெச்சூரியின் உடல் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்துக்கும் சென்றன. 2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், சடலத்தை மாணவரின் முதல் ஆசிரியர் என்று அறிமுகப்படுத்துகிறது. பல கல்லூரிகளில் முதல் நாளன்று மாணவர்கள் அந்த உடலின் முன் உறுதிமொழி ஏற்கிறார்கள்.

பெயர் அறிந்த தலைவர்களின் கொடை செய்தியாகிறது. ஆயினும் உடற்கூற்றுச் சட்டங்களின் அடித்தளத்தில் உரிமை கோரப்படாத உடலே இன்னும் இருக்கிறது. ஓர் உடலை உரிமை கோராததற்கு உறவின்மை மட்டும் காரணம் அன்று. செய்தி எட்டாமை, ஊர் தொலைவு, எடுத்துச்செல்லும் வண்டிக்குப் பணமின்மை ஆகியவையும் காரணங்கள். உரிமை கோரவில்லை என்பதும் இசைந்தார் என்பதும் ஒன்றல்ல. உடல் தானப் பதிவுகள் பெருகும் அளவுக்கே அந்த இரண்டாம் சொல் முதற்சொல்லின் இடத்தைப் பெறும். பதிவு செய்வதோடு குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பதும் இன்றியமையாதது. இறந்தபின் உடலைக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையிடம் ஒப்படைப்பவர்கள் அவர்களே.

300, 360, 206 என்று எண்கள் மாறியதற்குக் காரணம் எலும்புகள் அல்ல, எண்ணும் விதிகள். அவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்பட்டன. திருத்தியவர்களின் பெயர்கள் ஏட்டிலும் அச்சிலும் நிற்கின்றன. யாருடைய உடலை எண்ணுவது என்ற விதியோ மிகத் தாமதமாகவே திருத்தப்படுகிறது. ஏழு இரவுகள் நீரில் கிடந்தவர், 1836இல் கல்கத்தா மேசையில் கிடந்தவர், கம்பியில் கோக்கப்பட்டுக் கப்பலேறியவர் ஆகிய எவரும் கேட்கப்படவில்லை. எலும்பு பற்றிய இன்றைய அறிவு முழுவதும் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. இனி வரும் மாணவர் கற்கும் எலும்பு, எடுக்கப்பட்டதாக இல்லாமல் கொடுக்கப்பட்டதாக இருப்பதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.